சவரிமுத்துவின் இமைகள்

காசிநாதன் படம் எடுத்தால் செத்தவர்கள் கண் திறப்பார்கள் என்று ஆம்பூரில் ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சைக் கிளப்பிவிட்டது அவர் அல்ல. ஆனால் அதை மறுத்து ஒருநாளும் வாய் திறந்ததில்லை. பதினாறு வருடமாக அந்த மௌனத்தில்தான் அவர் வீட்டு அடுப்பு எரிந்தது.

படம் எடுத்தால் ஆயுசு குறையும் என்று பயந்த காலம் அது. செத்தவனுக்குக் குறைவதற்கு ஆயுசு ஏது? ஆகவே சாவு வீட்டிலிருந்துதான் அவரைத் தேடி அதிகம் ஆள் வரும். காமிராவையும் முக்காலியையும் சுருட்டிய திரைச்சீலையையும் மாட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளம்புவார். பிணத்தை நாற்காலியில் உட்காரவைத்து, மார்பில் ஒரு கட்டு, இடுப்பில் ஒரு கட்டு. கயிறு தெரியாமல் மேலே அங்கவஸ்திரம். பின்னால் திரையைத் தொங்கவிடுவார். அதில் பளிங்குப் படிக்கட்டு, இரண்டு தூண், ஒரு பூந்தொட்டி. வாழ்நாள் முழுக்க யார் எதிரிலும் நாற்காலியில் உட்கார அனுமதிக்கப்படாத மனிதர்கள் பலர், இந்த நாட்டில், செத்த பிறகு காசிநாதனின் நாற்காலியில்தான் முதன்முதலாக உட்கார்ந்தார்கள்.

கண் திறக்கிற வேலை கடையில் நடக்கும். படம் பதிந்த கண்ணாடித் தகட்டைக் கழுவிக் காயவைத்து, மெல்லிய வார்னிஷ் பூசி, ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துவைத்து, ஊசிபோலச் சீவிய பென்சிலால் மூடிய இமையின் மேல் புள்ளி புள்ளியாக வைப்பார். தகட்டில் கறுப்பாகும் இடம் தாளில் வெள்ளையாக விழும். அது வெள்ளை விழி. கருவிழியைத் தாளிலேயே மையால் தொட்டு வைப்பார். இதில் கை தவறக்கூடாது என்று தினமும் காலையில், காப்பி குடிப்பதற்கும் முன்னால், வீணாய்ப்போன தகடு ஒன்றில் ஒரு ஜோடிக் கண் வரைந்து பழகுவார். எதிரே முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று மாட்டியிருக்கும்.

பக்கத்துக் கடை ஆபித் பாஷா, படங்களுக்குச் சட்டம் போடுகிறவர். காசிநாதன் எடுத்த படமெல்லாம் அவர் கைக்குத்தான் போகும். ஒருநாள் மூன்று படங்களை வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இன்னா காசி பாய், ஊர்ல சாவுறவன் எல்லாம் ஒரே குடும்பமா?"

"ஏன், இன்னா?"

"செட்டியாருக்கும் இதே கண்ணு. இந்தக் கெழவிக்கும் இதே கண்ணு. பச்சக் கொழந்தைக்கும் இதே கண்ணு." நிமிர்ந்து காசிநாதனின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு நின்றுவிட்டது. "யா அல்லா. இது உன் கண்ணுப்பா."

அன்றிலிருந்து காசிநாதனுக்குத் தெருவில் நடப்பது கஷ்டமாகிவிட்டது. கதவு திறந்திருக்கும் வீட்டைக் கடந்தால் கூடத்துச் சுவரிலிருந்து அவரே அவரைப் பார்த்தார். கிழவன் முகத்தில், பிரசவத்தில் போன பெண்ணின் முகத்தில், மாலைக்கும் ஊதுவத்திப் புகைக்கும் நடுவில். பேய் கிடையாது என்பதில் அவருக்கு உறுதி உண்டு. பேயாக இருந்திருந்தால் சௌகரியம், பூசாரி பார்த்துக்கொள்வான். இது அவர் தன் கையால், பென்சில் சீவி, உட்கார்ந்து செய்தது.

1927ஆம் வருடம் பங்குனியில் ஆற்றங்கரையில் தோல் பதனிடும் ஷாப்பு ஒன்றில் சவரிமுத்து என்ற தொழிலாளி சுண்ணாம்புத் தொட்டிக்குள் தலைகுப்புற விழுந்தார். மயிர் உதிர்வதற்காகத் தோலை ஊறப்போடும் தொட்டி அது. விளிம்பில் போட்டிருந்த பலகை மக்கிப்போனது என்று தொழிலாளிகள் ஆறு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். மாட்டுத் தோலைப் பதமாகப் பார்த்துக்கொண்ட முதலாளிக்கு மனிதத் தோலைப் பற்றி அவ்வளவு கவலை இல்லை. வெந்துபோனவரை ஒரு சாக்கில் படுக்கவைத்துச் சேரிக்குத் தூக்கிவந்து போட்டார்கள். டாக்டர் வரவில்லை. நாலாம் நாள் காலையில் உயிர் போயிற்று.

படம் எடுக்கப் போன காசிநாதன் முகத்தைப் பார்த்து ஒரு கணம் பின்வாங்கினார். கன்னம் வெந்து தோல் உரிந்திருந்தது. இமை இரண்டும் வெந்து, ஒட்டிக்கொண்டு, கரும்புண்ணாகக் கிடந்தன.

"முகத்த மட்டும் நல்லா வெச்சிடுங்க சாமி," என்றாள் சவரிமுத்துவின் மனைவி ஆரோக்கியமேரி.

காசிநாதன் நல்லாத்தான் வைத்தார். இரண்டு நாள் உட்கார்ந்து கன்னத்துப் புண்ணைப் புள்ளி புள்ளியாக மெழுகினார். கண்களைத் திறந்தார். புது வேட்டியும் பளிங்குப் படிக்கட்டுமாக, மாப்பிள்ளை போல வந்தது படம். தன் வேலையில் தனக்கே பெருமையாக இருந்ததால் ஒரு பிரதியைக் கடை முகப்பில் வைத்தார். அடுத்த வாரம் தோல் ஷாப்பின் ஏஜெண்ட் சுந்தரமூர்த்தி அதைப் பார்த்து, ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். ஏன் என்று காசிநாதன் கேட்கவில்லை.

வேலையில் செத்தவன் குடும்பத்துக்கு முதலாளி ஈடு கொடுக்கவேண்டும் என்று அப்போதுதான் புதுச் சட்டம் வந்திருந்தது. ஆரோக்கியமேரி மனு போட்டாள். வேலூரிலிருந்து அதிகாரி வந்து பயணியர் பங்களாவில் விசாரித்தார். முதல் நாள் விசாரணை முடிந்ததும் அவள் நேராகக் காசிநாதன் கடைக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"அவரு தொட்டில விழவே இல்லியாம் சாமி. சாவுறதுக்கு மொத நாளு ஜோரா டிரஸ் போட்டுக்கினு உங்க கடைக்கு வந்து போட்டோ புடிச்சிக்கினாராம். மறுநாளு வாந்தி பேதில போய்ட்டாராம். ஷாப்புக்காரங்க உங்க படத்ததான் காட்றாங்க."

சவரிமுத்து வெந்து கிடந்ததைச் சேரியில் முப்பது பேர் பார்த்திருந்தார்கள். அந்த அறுபது கண்ணைவிட, காகிதத்தில் மையால் வைத்த இரண்டு கண்ணுக்குச் சர்க்கார் மேஜையில் மதிப்பு ஜாஸ்தி.

"உள்ள வந்து உக்காரும்மா," என்றார். "சாமின்னு கூப்பிடாத. நான் உனக்குத் துரோகம் பண்ணினவன். அந்தக் கண்ணு உன் புருஷனுது இல்ல. நான் வரைஞ்சது."

அவள் உட்காரவில்லை. "எனக்குத் தெரியாதா? வெந்த கண்ணுல நாலு நாளா பால் ஊத்தினவ நானு. தெரிஞ்சிதான் கேட்டேன். போறப்பவாவது மனுசனாட்டம் போவட்டும்னு. வரைஞ்சத அழிக்க முடியுமா?"

"முடியும். ஆனா அப்புறம் தொட்டிலேருந்து தூக்கினப்ப எப்பிடி இருந்தாரோ அப்பிடித்தான் தெரிவாரு. எல்லாரும் பாப்பாங்க."

"அழிச்சிடுங்க."

அன்று சாயங்காலமே சுந்தரமூர்த்தி வந்தார். கண்ணை அழிக்கப்போகிற விஷயம் எப்படியோ அவர் காதுக்குப் போயிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"காசிநாதா, வருஷா வருஷம் ஷாப்பு குரூப் போட்டோ உனக்குத்தானே தர்றோம்? அந்தத் தகட்ட ஒடச்சிடு. நீ ஒண்ணும் பொய் சொல்ல வேணாம்ப்பா. சும்மா இரு, போதும்."

"பதினாறு வருஷமா சும்மாத்தானே இருக்கேன்."

"ஊர்ல உனக்குன்னு ஒரு பேரு இருக்குது. அந்தக் கண்ணெல்லாம் பென்சிலுன்னு தெரிஞ்சா நாளைக்கு எவன் உன்னக் கூப்பிடுவான்?"

அது உண்மை. சுந்தரமூர்த்தி போனதும் தகட்டை எடுத்துத் துணியில் சுற்றினார். பிறகு சுற்றியதைப் பிரித்து, அதிலிருந்து கருவிழி இல்லாமல் தன்னைப் பார்த்த கண்களை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உடைப்பது சுலபம். தரையில் போட்டால் போதும். கை நழுவியது என்று சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்?

மறுநாள் பங்களா முற்றத்தில் பாதி ஊர் கூடியிருந்தது. காசிநாதன் அதிகாரியின் மேஜை மேல் தகடு, டர்பன்டைன் புட்டி, பஞ்சு, அச்சுச் சட்டம், தாள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்தார். பிணத்தைத்தான் படம் எடுத்ததாகவும், கண் தன் கைவேலை என்றும் சொன்னார். கூட்டத்தில் முணுமுணுப்பு ஓடியது.

"காசு குடுத்து சொல்ல வெச்சிருக்காங்க!" என்றார் சுந்தரமூர்த்தி.

"என் வாய நம்ப வேணாம்," என்றார் காசிநாதன். பஞ்சை நனைத்துத் தகட்டில் முகத்தின் மேல் துடைத்தார். வார்னிஷ் கரைந்தது, பென்சில் கறுப்பு பஞ்சுக்கு வந்தது. தாளோடு சேர்த்துத் தகட்டைச் சட்டத்தில் பூட்டி, முற்றத்து வெயிலில், எல்லாரும் பார்க்கும்படி ஒரு நாற்காலி மேல் வைத்தார்.

வெயிலே அச்சிடுகிற தாள் அது. இருட்டறை வேண்டாம். சற்று நேரம் கழித்துச் சட்டத்தின் பின்பக்கப் பாதியைத் திறந்து அதிகாரியிடம் காட்டினார். முதலில் வேட்டிக் கரை வந்தது. பிறகு தூணும் பூந்தொட்டியும். கடைசியாக முகம். வெயிலில் சிவந்த தாளில் கன்னத்துப் புண்கள் ஒவ்வொன்றாகக் கறுத்து மேலே வந்தன. ஒட்டிப்போன இரண்டு இமைகள் வந்தன. அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். ஆரோக்கியமேரி அருகில் வந்து குனிந்து பார்த்து, "இதான் அவரு," என்றாள்.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒரு பெண் முன்னால் வந்தாள். கடைத்தெரு அமிர்தவள்ளி. மூன்று வருடத்துக்கு முன்னால் அம்மையில் போன அவள் மகளுக்குக் காசிநாதன்தான் படம் எடுத்தவர்.

"அண்ணா, எம் பொண்ணு உங்களப் பாத்துக் கண்ணு தொறந்தாளே?"

"இல்லம்மா. நான்தான் வரைஞ்சேன்."

"தெனம் காலைல அதும் மூஞ்சிலதான் முழிக்கிறேன். இப்ப எங்க வீட்ல யாரு என்னப் பாத்துக்கினு இருக்கிறது?"

அவள் அவரை அடிக்கக்கூட இல்லை, திரும்பிப் போய்விட்டாள்.

தீர்ப்பு வர இரண்டு மாதம் ஆயிற்று. சவரிமுத்து தொட்டியில் விழுந்துதான் இறந்தார் என்று சர்க்கார் காகிதத்தில் எழுதியது. முதலாளி ஈட்டுத் தொகையைக் கட்டினார். அதற்குள் காசிநாதனின் தொழில் படுத்துவிட்டது. சிலர் படங்களைக் கொண்டுவந்து கடை வாசலில் கவிழ்த்து வைத்துவிட்டுப் போனார்கள். "எனக்கும் சேத்து வேட்டு வெச்சிட்டியே, தோஸ்த்," என்றார் ஆபித் பாஷா. ஆனாலும் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுத்தான் போனார். சாவுக்குக் கூப்பிட்ட ஒன்றிரண்டு வீடுகளிலும் காசிநாதன் முதலிலேயே சொல்லிவிட்டார்: கண் மூடியபடிதான் வரும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோல் ஷாப்பு ஆட்கள் ஏழு பேர் வந்தார்கள். சவரிமுத்துவோடு தொட்டியில் வேலை செய்தவர்கள். இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும் கலந்து இருந்தார்கள். விசாரணையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. வேலை போய்விடும் என்ற பயம். இப்போதும் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. சத்தார் என்கிறவர்தான் கேட்டார்.

"அந்தப் படம் ஆளுக்கு ஒண்ணு வோணும். கண்ணு இல்லாதது."

"வீட்ல மாட்டவா?"

"இல்ல பாய். தொட்டி மேட்டுல, அவரு விழுந்த பலகைக்கு எதுக்க மாட்டப்போறோம். ஏஜெண்ட் அவுத்தா மறுபடி மாட்டுவோம். அதான் ஏழு."

காசிநாதன் மொட்டை மாடியில் ஏழு சட்டங்களை வெயிலில் வரிசையாக வைத்தார். வெயில் ஜாஸ்தியானால் புண்ணெல்லாம் ஒரே கறுப்பில் மூழ்கிவிடும். கம்மியானால் வெளுத்து, ஒன்றும் நடக்காதது போல இருக்கும். ஆகவே பக்கத்திலேயே குந்திக்கொண்டு, ஒவ்வொரு சட்டமாகத் திறந்து, ஏழு முறையும் அந்த இமைகளை உற்றுப் பார்த்தார்.