பெரட்டில் கூப்பிடாத பெயர்

என் அம்மாவைப் பேச வைக்க யாரும் சிரமப்பட வேண்டியதில்லை. நிறுத்தத்தான் ஆள் வேண்டும். நோர்வூட் பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும், இறங்குவதற்குள் அவர்களுடைய மூன்று தலைமுறைக் கதை இவளுக்குத் தெரிந்துவிடும். அப்படிப்பட்டவள், நான் கைப்பேசியில் பதிவுப் பொத்தானை அழுத்தியதும் வாயில் கொழுக்கட்டை வைத்தவள் போல ஆகிவிடுவாள்.

நான் தேயிலைத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். ஸ்டோர் என்று நாங்கள் சொல்லும் தேயிலைத் தொழிற்சாலையின் மேல்மாடியில் ஓர் அறை நிறையப் பழைய புத்தகங்கள் கிடந்தன. வேலைக்குப் பெயர் பதிந்தவர்களின் புத்தகம், பிறப்புப் புத்தகம், இறப்புப் புத்தகம், வேலைக்குப் போகிறவர்களின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளை மடுவத்துப் புத்தகம். கூரை ஒழுகி, பாதி பூஞ்சணம் பிடித்துவிட்டது. அறையைக் காலி செய்து எல்லாவற்றையும் அடுப்புக்கு அனுப்பப் போகிறார்கள் என்று ஆபீஸ் கிளாக்கரையா வாய்தவறிச் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. நேராகத் தோட்டத்துத் துரையிடம் போய் நின்றேன். என்ன பேசினேன் என்று இப்போது நினைவில்லை, கொஞ்சம் சத்தமாகப் பேசினேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது. விடுமுறை முடியும்வரை எல்லாவற்றையும் படம் பிடித்துக்கொள்ளலாம் என்று அந்த மனிதர் அனுமதி கொடுத்தார்.

காலையில் ஸ்டோர் மாடியில் தூசி தின்பேன். மத்தியானத்துக்குமேல் தொழிலாளர் வரிசை வீடுகளில் லயம் லயமாகப் போய் ஓய்வுபெற்றவர்களைப் பேச வைத்துப் பதிவு செய்வேன். புத்தகத்தில் பெயரும் திகதியும் இருக்கும்; மழையில் கம்பளி எவ்வளவு கனக்கும், அட்டை கடித்த இடத்தில் என்ன தேய்ப்பார்கள் என்பதெல்லாம் அதில் இருக்காது. எல்லோரிடமும் ஒரே கேள்விகள்தான் கேட்டேன். முதல் கேள்வி, உங்கள் பெயர் என்ன. இரண்டாவது, எந்த லயம், அந்த வரிசையில் எந்த அறை, அதாவது காம்பரா. மூன்றாவது, என்ன வயதில் பெயர் பதிந்தீர்கள்.

அம்மா மட்டும் சிக்கவில்லை. நான் உட்காரச் சொன்னால் கோழி கத்துகிறது என்று எழுந்து போவாள். எங்கள் வீட்டில் கோழியே கிடையாது. மற்றவர்கள் பேச வந்தால் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்து, "அவளக் கேளு, இவளக் கேளு, எனக்கு என்னா தெரியும்" என்பாள். நாற்பது வருடம் கொழுந்து பறித்தவளுக்கு என்ன தெரியும்! ஒருநாள் பொறுக்க முடியாமல் கத்திவிட்டேன்.

"ஊரே வந்து பேசுது. பெத்த தாய் வாயத் தொறக்க மாட்டேங்குற. எனக்கு வெக்கமா இருக்கு."

அவள் பதில் சொல்லாமல் மரக்கறித் தோட்டத்துப் பக்கம் போய்விட்டாள். திட்டினால் இரண்டு மடங்காகத் திருப்பித் தருகிறவள் பேசாமல் போனது எனக்குப் பிடிக்கவில்லை. அன்று முழுதும் மனம் உறுத்திக்கொண்டே இருந்தது.

அதற்கு அடுத்த வாரம்தான் பிறப்புப் புத்தகத்தில் அந்தப் பக்கம் வந்தது. அம்மாவின் பெற்றோர் பெயர், ஏழாம் லயம், நாலாம் காம்பரா, அம்மாவின் பெயர். அம்மாவையே குழந்தையாகப் பார்த்துவிட்டது போல எனக்கு ஒரே சந்தோஷம். பக்கத்தைப் புரட்டினேன். மூன்று வருடம் கழித்து அதே பெற்றோர், அதே காம்பரா, இன்னொரு பெண் குழந்தை. எங்கள் குடும்பத்தில் நான் கேள்விப்பட்டே இராத ஒரு பெயர்.

எனக்கு ஒரு சித்தி இருந்திருக்கிறார். பெயர் பதிந்தவர்களின் புத்தகத்தில் தேடினேன், இல்லை. இறப்புப் புத்தகத்திலும் இல்லை. பிள்ளை மடுவத்துப் புத்தகத்தில் நான்கு வயதுவரை பால் வாங்கியிருக்கிறார், அதோடு சரி. பாவம், எங்கேயோ அல்பாயுசில் போய்விட்டார் என்று நினைத்தேன். முகம் தெரியாத சித்திக்காக ஸ்டோர் மாடியில் உட்கார்ந்து கொஞ்சம் அழவும் செய்தேன்.

வீட்டுக்குப் போனபோது அம்மா போஞ்சிக் கொடிக்குக் கம்பு நட்டுக்கொண்டிருந்தாள். மிச்சம் மீதி வைக்காமல் கேட்டேன்.

"அம்மா, ஒனக்கு ஒரு தங்கச்சி இருந்துச்சா?" கைப்பேசியில் இருந்த பெயரை வாசித்தேன்.

அம்மாவின் கை கம்பிலேயே நின்றது. "இன்னொரு வாட்டி சொல்லு," என்றாள்.

சொன்னேன். கம்பை விட்டுவிட்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"எங்கம்மா போன பொறகு அந்தப் பேர என் மூஞ்சிக்கு நேரா யாரும் சொன்னதில்ல," என்றாள். "அது நாந்தான் புள்ள."

கதையை அவளே சொன்னாள், என் கையில் இருந்த கைப்பேசியை ஒருமுறை பார்த்து, பதிவு ஓடவில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகு. நான் அம்மாவின் பெயர் என்று இத்தனை காலம் நினைத்திருந்தது அவளுடைய அக்காவின் பெயர். அக்காவைப் பிள்ளை பார்க்க உடப்புசல்லாவையில் இருந்த மாமா வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். போன இடத்தில் காய்ச்சல் கண்டு, அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள். எங்கள் தோட்டத்துப் புத்தகத்தில் அந்தச் சாவு ஏறவில்லை. அது மாவுக்கும் அரிசிக்கும் ஆலாய்ப் பறந்த பஞ்ச காலம். பெயர் பதிந்த ஆள் ஒன்று கூடினால் வீட்டுக்கு ஒரு பங்கு கூடும். அக்கா இருந்திருந்தால் பதினைந்து வயது, பெயர் பதியலாம். தங்கைக்குப் பன்னிரண்டுதான், ஆனால் ஆள் நெட்டை.

"அப்பா என்னையக் கூட்டிட்டுப் போயி, இதுதான் மூத்தவன்னு சொல்லி அக்கா பேருல பதிஞ்சிட்டாரு. மொத நாள் பெரட்டுல கணக்கப்பிள்ளை அந்தப் பேரக் கூப்புடுறாரு. நான் பாட்டுக்கு நிக்கிறேன். ரெண்டாவது வாட்டியும் கூப்புடுறாரு. அக்கா வந்துருச்சோன்னு நான் திரும்பிப் பாக்குறேன் புள்ள! எங்கம்மா பின்னால நின்னு தொடையில ஒரு கிள்ளு கிள்ளுச்சு பாரு, 'இருக்கேங்கய்யா'ன்னு கத்திட்டேன். அன்னையில இருந்து நான் அக்கா."

அதன்பிறகு ஒவ்வொரு விடியற்காலையும் வேலைக்குப் பெயர் கூப்பிடும் பெரட்டுக் களத்தில் செத்துப்போன அக்காவுக்காக அவள் பதில் சொல்லியிருக்கிறாள். அடையாள அட்டையில் அக்கா. கல்யாணச் சான்றிதழில் அக்கா. என் பிறப்புச் சான்றிதழில் தாயின் பெயர் என்ற இடத்திலும் அக்கா. கடதாசிப்படி பார்த்தால் நான் பெரியம்மாவின் மகள். தீபாவளிப் படையலில் அம்மா வருடா வருடம் ஒரு சிவப்பு ரிப்பன் வைப்பாள். அது அம்மனுக்கு என்று சொல்லி எங்களை ஏமாற்றியிருக்கிறாள்.

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"கல்யாணத்துக்கு முன்னுக்கே சொல்லிட்டேன். ஒருத்திக்குத்தான பரிசம் போட்டேன், ரெண்டு பேரு வாறீங்களேன்னு சிரிச்சாரு." இதைச் சொல்லும்போது அவளுக்கு வெட்கம் வந்தது. எனக்கு அந்த மனிதரை அப்போதே பார்க்க வேண்டும் போல இருந்தது.

பதிவு செய்யலாமா என்று கேட்டேன். மாட்டேன் என்றாள். பொய் சொல்லிப் பெயர் பதிந்தவள் என்று எழுதிவிடுவார்களாம், என் டீச்சர் வேலைக்கு ஏதும் வந்துவிடுமாம். அப்படி ஒன்றும் ஆகாது என்று அரை மணிநேரம் வாதாடினேன். கடைசியில் போஞ்சி இலையைக் கிள்ளிக்கொண்டே சொன்னாள்.

"பயம் ஒரு பக்கம். இன்னொண்ணும் இருக்கு. நான் செத்தா பேனர்ல என் போட்டோவப் போட்டு அக்கா பேர எழுதுவீங்க. அவ ரெண்டு வாட்டி செத்தவளா ஆயிருவா, நான் பொறக்காதவளா ஆயிருவேன். அத நெனச்சா எனக்குத் தூக்கம் வரல்ல. ஆனா அந்தப் பேரச் சொல்லவும் வாய் வர மாட்டேங்குது. ஒங்கப்பாவத் தவிர யாருக்கும் தெரியாம இருந்த விசயம் புள்ள."

முதல் கேள்விக்கே பதில் சொல்ல முடியாதவளைத்தான் வாயைத் திற என்று அன்று கத்தியிருக்கிறேன்.

யாருக்கும் தெரியாது என்று அவள் சொன்னாள் அல்லவா? உள்ளே போய் என் நோட்டுப் புத்தகத்தைப் பிரித்தேன். நான் பதிவு செய்ததையெல்லாம் கேட்டுக் குறிப்பு எழுதும்போது, புரியாத இடங்களில் சிவப்புப் பேனையால் 'இது யார்? கேட்க வேண்டும்' என்று போட்டுவைப்பது என் வழக்கம். அப்படி மூன்று இடத்தில் போட்டிருந்தேன், மூன்றுக்கும் ஒரே பெயர். கொய்யா மரத்தில் ஏறி வாச்சரிடம் மாட்டிக்கொண்ட ஒருத்தி. பக்கத்துக் காம்பரா அத்தை ஆற்றில் வழுக்கி விழுந்தபோது முடியைப் பிடித்து இழுத்துக் காப்பாற்றிய ஒருத்தி. கூத்து பார்க்கப் போய்த் தூங்கிவிட்ட ஒருத்தி. ஏதோ பழைய கூட்டாளி என்று விட்டிருந்தேன். சின்ன வயதைப் பற்றிப் பேசும்போது எல்லோர் வாயிலும் அந்தப் பெயர்தான் வந்திருக்கிறது. பெரட்டையும் கொழுந்து மலையையும் பற்றிப் பேசும்போது அக்காவின் பெயருக்கு மாறியிருக்கிறார்கள். கேட்டுக்கொண்டிருந்த எனக்கு உறைக்கவில்லை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க முடியாது என்பார்கள். எங்கள் ஏழாம் லயத்தில் மறைத்திருக்கிறார்கள், ஐம்பது வருடத்துக்கும் மேலாக.

பக்கத்துக் காம்பரா அத்தையிடம் போய்க் கேட்டேன். அவர் அம்மாவின் வயதுதான். அம்மாவை எப்போதும் "ஏ புள்ள" என்றுதான் கூப்பிடுவார்.

"தெரியாம என்னா? கங்காணிக்கே தெரியும். அந்தக் காலத்துல பாதி லயம் அடுத்தவுங்க பேருல கொழுந்து எடுத்துச்சு. யாரு யாரக் காட்டிக் குடுக்கிறது?" என்றார். "செத்தவ பேரச் சொல்லி இவளக் கூப்புட எனக்கு மனசு வரல்ல. இவ பேரச் சொன்னா மாட்டிக்குவா. அதான் ஏ புள்ள, ஏ புள்ளன்னே காலத்த ஓட்டிட்டேன்."

நான் அவரைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன். "விடு விடு, மூச்சு முட்டுது" என்று சத்தம் போட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அத்தையை வீட்டுக்கு அழைத்து வந்தேன். தனக்குத் தெரியும் என்பதை அவரே அம்மாவிடம் சொன்னார். அம்மா முதலில் முறைத்தாள், பிறகு அழுதாள், பிறகு, "அப்ப இத்தன காலமும் என்னையப் பைத்தியக்காரி ஆக்கிட்டீங்களா?" என்று ஒரு மூச்சுத் திட்டினாள். திட்டியதும் எனக்கு நிம்மதியாக இருந்தது; பழைய அம்மா திரும்பிவிட்டாள். எழுதுவதானால் ஒருவர் பெயரையும் எழுத மாட்டேன், பதிவு வீட்டை விட்டுப் போகாது என்று சத்தியம் செய்து கொடுத்தேன். அந்தச் சத்தியத்தால்தான் இதில் யார் பெயரும் இல்லை.

அம்மா நல்ல சேலை கட்டி வாங்குப் பலகையில் வந்து உட்கார்ந்தாள், அத்தை அவளுக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு. பொத்தானை அழுத்தினேன்.

"ஒங்க பேரு என்னா?"

அம்மாவின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. மறுபடி கேட்டேன். அழுதுவிடுவாள் போல இருந்தது. எனக்கு வேறு வழி தெரியவில்லை. எழுந்து நின்று, பிறப்புப் புத்தகத்தின் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கணக்கப்பிள்ளை மாதிரி குரலை உயர்த்தி அக்காவின் பெயரைக் கூப்பிட்டேன்.

"இருக்..." பழக்கதோஷத்தில் பாதி வந்துவிட்டது. அம்மா கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு கையை எடுத்தாள். "அவ வரல்லீங்கய்யா," என்றாள். கண்ணீர் கன்னத்தில் இறங்கியது, துடைக்கவில்லை.

அடுத்த பெயரைக் கூப்பிட்டேன். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை கூப்பிட்டேன். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்பது போல வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

அத்தை கையை நீட்டி அவள் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினார்.

"ஆத்தாடி! இருக்கேங்கய்யா! இருக்கேன்!"