இரண்டு இட்லி தின்ற மாலுமி

துறைமுகத்தில் கம்பி வடம் அறுந்து கால் முறிந்த மாலுமியை எங்கள் ஆண்கள் வார்டில் கொண்டுவந்து போட்டவர்கள், அவன் பேச்சு தெரிந்த ஆளைத் தேடிக் கப்பலுக்கே திரும்பிவிட்டார்கள். எழுபதுகள் அவை. புதுத் துறைமுகத்தில் உலகம் வந்து வந்து நின்றது. அதன் மொழிகளில் ஒன்றுகூட ஆஸ்பத்திரிப் படியேறவில்லை. நர்சுகள் நாங்கள் அவனிடம் தமிழே பேசினோம். புரியவில்லை என்றால் இன்னும் உரக்கப் பேசினோம். தொண்டை கட்டியதுதான் மிச்சம்.

எலும்பு தோலைக் கிழித்து வெளியே தெரிந்தது. கட்டுப்போட்டு, வலிக்கு ஊசி போட்டுவிட்டு டாக்டரை அழைத்து வந்தேன். உடனே அறுவை என்றார். அவன் சாப்பிட்டானா என்பது மட்டும் தெரிய வேண்டும். மயக்கத்தில் வாந்தி எடுத்து அது மூச்சுக்குழலில் இறங்கினால் ஆளே போய்விடுவான். விரல்களைக் குவித்து வாயருகே கொண்டுபோய்க் கேட்டேன். வேண்டாம் என்பதுபோல் தலையசைத்தான். சாப்பிடவில்லை என்று எடுத்துக்கொள்ள டாக்டருக்கு அது போதும். எனக்குப் போதவில்லை.

என் வார்டு எனக்குத் தெரியும். துணையில்லாமல் ஒருவன் கிடந்தால் பக்கத்துக் கட்டிலின் தூக்குச்சட்டி தானாகத் திறக்கும். யார் கொடுத்தது என்று கேட்டால், ஏசுவேன் என்று பயந்து ஒருவரும் மூச்சுவிட மாட்டார்கள். வேறு மாதிரிக் கேட்டேன்.

"பாவம், பசிக்குங்காரு. யாராவது ஏதாவது வச்சிருக்கீகளா?"

ஆத்தூரிலிருந்து புருஷனுக்குத் துணையாக வந்திருந்த அக்கா வெடுக்கென்று திரும்பினாள். "இப்பத்தான ரெண்டு இட்லி தின்னாரு. பொய் சொல்லுதாரு, சிஸ்டர்."

டாக்டர் என்னைப் பார்த்தார். அறுவை மாலைக்குத் தள்ளிப்போனது.

அவனை ஏற்ற வந்த ஸ்ட்ரெச்சர் காலியாகத் திரும்பிப் போனதைக் கண்டதும் மாலுமியின் முகம் வெளுத்தது. கைவிட்டுவிட்டோம் என்று நினைத்தான். என் கையைப் பிடித்துக்கொண்டு கத்தினான். கையைக் கொடுத்துவிட்டுச் சும்மா நிற்பதைப்போல் அலுப்பான வேலை உலகத்தில் வேறில்லை.

அக்காவை இழுத்துவந்து நிறுத்தினேன். "குடுத்தது நீங்க. சொல்லுறதும் நீங்கதான்."

அவள் கூச்சப்படவில்லை. வெறுங்கையாலேயே இட்லி பிட்டுத் தின்றாள், கண்ணை மூடினாள், குமட்டினாள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மூச்சுத் திணறினாள். அப்புறம் ஜன்னலைக் காட்டி, வெயில் இறங்குவதைக் கையால் இறக்கிக் காட்டினாள். வார்டே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை, ஆனால் என் கையை விட்டான்.

வெயில் இறங்கியது. ஸ்ட்ரெச்சர் மறுபடி வந்தபோது, யாரும் கேட்காமலே அவன் வாயை அகலத் திறந்து, நாக்கைத் தூக்கி, உள்ளே ஒன்றுமில்லை என்று டாக்டருக்குக் காட்டினான்.