ஞாயிற்றுக்கிழமைக் கடல்

தம்பி கரைக்கு வந்துவிட்டான் என்பதை நான் கொல்லிமலையில், மரவள்ளிக் காட்டை ஒட்டிய ஒரு கல் கட்டின் மேல் உட்கார்ந்துதான் தெரிந்துகொள்வேன். நான் இங்கே அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம், கடலோரக் கிராமம். மலைக்கு மாற்றலாகி மூன்று வருடம் ஆகிறது. குடியிருக்கும் வீட்டுக்குள் சிக்னல் வராது. பின்னால் இருக்கும் அந்தக் கல் கட்டில் மட்டும் போனால் போகிறதென்று கொஞ்சம் எட்டிப் பார்க்கும். சாயங்காலம் வேலை முடிந்து காபி டம்ளரோடு அங்கே போய் உட்கார்வேன். போனில் தம்பியின் குரல் பதிவு வந்து காத்திருக்கும்.

தம்பிக்கு ஒரு ஃபைபர் படகு இருக்கிறது. வலை போடுவதை விட்டுவிட்டு, கோல் தூண்டிலோடு வரும் வெளியூர்க்காரர்களைக் கடலுக்குக் கூட்டிப் போகிறான். அவர்கள் விற்பதற்காக மீன் பிடிப்பவர்கள் இல்லை. வண்ணம் பூசிய மரப் பொய்மீனைத் தூரமாக வீசி, அதைத் துரத்தி வரும் பெரிய மீனோடு மல்லுக்கட்டி, படகுக்கு இழுத்து, கையில் ஏந்திப் படம் எடுத்துக்கொண்டு, பாதிக்கு மேல் கடலிலேயே விட்டுவிடுவார்கள். எனக்கு இந்தத் தொழில் பிடித்ததே இல்லை. கடலோரத்தில் பிறந்தும் கடலைக் கண்டால் பயப்படுகிற பிறவி நான். படகை விற்றுவிட்டு வேறு வேலை பார் என்று அவனிடம் ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன். அவன் சிரிப்பான். கடைசியில், கரையில் கால் வைத்ததும் எனக்குப் பேசி அனுப்ப வேண்டும் என்று ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அனுப்பாத நாள் எனக்குச் சோறு இறங்காது என்று மிரட்டியும் வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் விலக்கு. எங்கள் ஊரில் ஞாயிறன்று யாரும் கடலில் இறங்க மாட்டார்கள். மாதா கோயில் பூசைக்குப் போவார்கள், மத்தியானம் கறி சாப்பிட்டுவிட்டுத் தூங்குவார்கள். அன்றைக்குத்தான் லீவு என்று தூண்டில்காரர்கள் எவ்வளவு கெஞ்சினாலும் தம்பி படகைத் தள்ள மாட்டான்.

அவன் பேசி அனுப்புவது தந்தி மாதிரி இருக்கும். கச்சான் காற்று, தண்ணீர் கலங்கல், ஒன்றும் கடிக்கவில்லை. இன்னொரு நாள், கொண்டல் இளசாக அடிக்கிறது, பாறை மீன் ரெண்டு, ஊளி ஒன்று, விட்டாச்சு. அவ்வளவுதான். பின்னணியில் அலையும், எவனோ எவனையோ திட்டுவதும் கேட்கும். எனக்கு அது போதும்.

வீட்டுக்கார அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொள்வார். மிளகும் மரவள்ளியும் போடுகிற மலைக்காரர். கடலைப் பார்த்ததில்லை, ஆனால் இந்த மூன்று வருடத்தில் மேற்கே இருந்து வரும் கச்சானுக்கும் கிழக்கே இருந்து வரும் கொண்டலுக்கும் வித்தியாசம் சொல்லுகிற அளவுக்குத் தேறிவிட்டார். பிடித்த மீனைத் திரும்ப விடுவதுதான் அவருக்கு விளங்கவே இல்லை. இங்கே கோயிலை ஒட்டி ஓடும் ஆற்றில் மீன்களுக்குப் பொரி போடுவார்கள், யாரும் பிடிக்க மாட்டார்கள்.

“புடிச்சுப்போட்டு உடறதுக்கு எதுக்குங்க நர்சம்மா புடிக்கறாங்க? சும்மா பாத்துட்டு வந்தாப் போதாதுங்களா?” என்று கேட்டார்.

பங்குனிக் கடைசியில் நாலு நாள் ‘காற்று, போகவில்லை’ என்று ஒற்றை வரி மட்டும் வந்தது. அதற்குப் பிறகு தம்பி நீளமாகப் பேச ஆரம்பித்தான். எனக்கு ஒரே ஆச்சரியம்.

“தண்ணி வெதுவெதுன்னு கெடக்குக்கா. காத்தே இல்ல. படகு பாருக்கு மேல நிக்கி. குனிஞ்சு பாத்தா அடி வரைக்கும் தெரியுது.”

பார் என்றால் கடலடித் திட்டு. அதன் மேல் பாசி எல்லாம் ஒரே பக்கமாகச் சாய்ந்து, பிறகு யோசித்து எழுந்து மறுபக்கம் சாய்கிறதாம். ஒரு திருக்கையின் நிழல் மணல் மேல் போகிறதாம், திருக்கை எங்கே என்று தேடுவதற்குள் நிழலும் போய்விட்டதாம். தண்ணீர் சூடேறியதால் பெரிய பாறை மீன்கள் ஆழத்தில் நிற்கின்றனவாம். ஒன்று மட்டும் அவசரமில்லாமல் மேலே வந்து, பொய்மீனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று இறங்கிப் போனதாம். மீன் பிடித்த கதையே இல்லை. எல்லாம் பார்த்த கதை.

அந்த நேரத்தில் பள்ளத்திலிருந்து மூடுபனி ஏறி வரும். முதலில் எதிர்ச் சரிவு மறையும், பிறகு மிளகுக்கொடி ஏறிய மரங்கள், பிறகு எங்கள் கால்கள். கல் கட்டு மட்டும் மிஞ்சும். தம்பியின் குரல் கேட்கக் கேட்க, கட்டு லேசாக ஆடுவது போலவே இருக்கும். வீட்டுக்கார அம்மா கண்ணை மூடிக்கொள்வார். எனக்கு முதல் தடவையாகக் கடல் மேல் ஆசை வந்தது. அந்த ஆறு நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. ராத்திரி கண்ணை மூடினால் பாசி சாய்ந்து சாய்ந்து எழும்.

“உங்க தம்பிக்கு என்னமோ ஆயிப்போச்சுங்க, நெம்ப நல்லாப் பேசறாரு” என்று அந்த அம்மா கேலி செய்தார். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அடுத்து ஒரு பதிவு வந்தது. ஆமை ஒன்று படகுக்கடியில் தூங்கிக்கொண்டே மிதந்த கதை. கேட்டு முடித்து, காபி டம்ளரைக் கழுவ எழுந்தபோது தலையில் முக்காடு போட்டிருந்த துணி தோளில் கிடப்பதைப் பார்த்தேன். காலையில் பூசைக்குப் போட்டது. அன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை.

மறுபடி போட்டுக் கேட்டேன். குரலுக்குப் பின்னால் அலை இல்லை, இன்ஜின் இல்லை. ஒரு மின்விசிறி கறக் கறக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. எங்கள் ஊர்க்காரன் பெண்டாட்டி பிறந்தநாளை மறப்பான், ஞாயிற்றுக்கிழமையை மறக்க மாட்டான். உடனே தம்பியைக் கூப்பிட்டேன். எங்கே இருக்கிறாய் என்றதற்கு, கரையில் என்றான்.

“இன்னைக்கு ஞாயித்துக்கெழமைலே.”



“ஞாயிறாக்கா? எனக்குக் கெழமையே தெரியல.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். காற்று என்று அனுப்பிய அந்த நாலு நாளும் அவன் ஆஸ்பத்திரியில் இருந்திருக்கிறான். ஒரு பெரிய பாறை மீன் படகுப் பக்கம் வந்து உதறியதில் தூண்டில் முள் விடுபட்டு, மூன்று முள் கொக்கியோடு பொய்மீன் பறந்து வந்து அவன் வலது கண்ணில் குத்தியிருக்கிறது. விழித்திரையில் ஆப்பரேஷன். உள்ளே வாயு வைத்திருக்கிறார்கள், அது விழித்திரையை அழுத்திப் பிடிக்க, பகலும் இரவும் குப்புறப் படுத்திருக்க வேண்டும். பார்வை திரும்புமா என்று கண் கட்டை அவிழ்த்தால்தான் சொல்ல முடியும். திரும்பாவிட்டால் படகு ஓட்ட வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏன் மறைத்தாய் என்று கத்தினேன்.

“அனுப்பாட்டா உனக்குச் சோறு எறங்காதுன்னு சொன்னியேக்கா.”

தம்பி மனைவியை வாங்கு வாங்கென்று வாங்கினேன். பாவம், அவள் என்ன செய்வாள். போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நான் வருடக்கணக்காகக் கேட்டது நடக்கப் போகிறது, அவன் படகை விற்கப் போகிறான். அது எனக்கு வேண்டாம் என்று தோன்றியது. அந்த மூடுபனியில் உட்கார்ந்து, இந்தக் கண்ணைத் திருப்பிக் கொடு, அவனைக் கடலுக்கே அனுப்பிவிடுகிறேன் என்று மாதாவிடம் வேண்டிக்கொண்டேன்.

மறுநாள் மழை. முதல் பஸ்ஸுக்கு ஒற்றையடிப் பாதையில் வழுக்கி வழுக்கி இறங்கினேன். வீட்டுக்கார அம்மா ரோடு வரைக்கும் குடை பிடித்து வந்து, “அழுவாம போயிட்டு வாங்க சாமி” என்றார். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அழுதுகொண்டுதான் போனேன். அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டி வந்ததும் முகம் கழுவினேன்.

ஊர் போய்ச் சேர்ந்தபோது மணி நாலு. அன்று காலைதான் ஆஸ்பத்திரியில் கட்டு அவிழ்த்து வீட்டுக்குக் கூட்டி வந்திருந்தார்கள். தம்பி கட்டிலில் குப்புறக் கிடந்தான். கட்டிலின் தலைமாட்டு விளிம்புக்கு வெளியே நீட்டிய இரண்டு தலையணைக்கு நடுவே இடைவெளி விட்டு, அதில் முகத்தை வைத்து, கீழே சாம்பல் நிறச் சிமெண்டுத் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். இத்தனை நாளும் அவன் இடது கண்ணால் பார்த்த கடல் அதுதான். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. கட்டிலுக்குத் தலைமாட்டில் போய் நின்றேன்.

“அக்காவா?”

“நல்ல கண்ண மூடுலே” என்றேன். கையால் பொத்திக்கொண்டான். என்ன தெரிகிறது என்று கேட்டேன்.

“ஒரே கலங்கலா இருக்குக்கா” என்றான். பிறகு மெதுவாக, “செவப்பா ரெண்டு என்னமோ நிக்கி.”

குனிந்து பார்த்தேன். கணுக்கால் வரைக்கும் மலைச் செம்மண் காய்ந்து அப்பியிருந்தது. ஒரு காலை மட்டும் அவனுக்கு இடது பக்கமாக நகர்த்தினேன்.

“ஒண்ணு எடப்பக்கமாப் போகுது” என்றான்.

மறுபடி வலப்பக்கம் நகர்த்தினேன். அதையும் சொன்னான்.