இடப்பக்கம் பாறை

ஜவ்வாது மலையிலிருந்து இறங்கும் வழியில், பள்ளத்தாக்கு தெரியும் திருப்பத்தில் மகன் காரை நிறுத்தினான். அங்கே வேறு யாரும் இல்லை. ஒரு வேன் எங்களைக் கடந்து இறங்கியது. அது போன பிறகும் பிரேக் கருகும் வாசனை அங்கேயே நின்றது.

நான் சிறுமியாக இருந்தபோதும் இந்த மலைக்கு வருவோம். மலைக்கு வந்தால் அப்பா இதே திருப்பத்தில்தான் நிறுத்துவார். தூரத்தில் நீலமாகத் தெரியும் அண்ணாமலையைப் பார்த்து ஒரு கும்பிடு போடுவார். பிறகு எஞ்சினை அணைத்து, நியூட்ரலில் காரை உருளவிடுவார்.

"பெட்ரோல் மிச்சம். அண்ணாமலையார் பாத்துப்பாரு."

சத்தமில்லாமல் கார் இறங்கும். காற்றும் குருவிகளும் மட்டும் கேட்கும். பின்சீட்டில் எனக்குப் பறப்பதுபோல இருக்கும்.

எனக்கு ஒன்பது வயதானபோது ஒருநாள், முன்சீட்டிலிருந்து அம்மா, "என்னங்க, ஏதோ கருகுற வாசனை வருது" என்றாள்.

"இறக்கம்னா அப்படித்தான்" என்றார் அப்பா.

மூன்றாவது வளைவில் பிரேக்கை மிதித்து மிதித்துப் பார்த்தார். கியர் தாங்காத இறக்கத்தில் சூடேறிப்போன பிரேக் பிடிக்கவில்லை. வலப்பக்கம் பள்ளம். இடப்பக்கப் பாறையில் மோதித்தான் காரை நிறுத்தினார். எனக்கும் அவருக்கும் கீறல்கள்தான். அம்மா உட்கார்ந்திருந்தது இடப்பக்கம்.

அதன்பின் வீட்டில் அண்ணாமலை தெரியும் ஜன்னலை அப்பா திறந்ததே இல்லை.

"போலாமாம்மா?" என்றான் மகன்.

காரைக் கிளப்பினான். சரிவு தொடங்கியதும் கியரை நியூட்ரலுக்குத் தள்ளினான்.

"கியர்ல போடுடா!"

"இறக்கம்தானேம்மா, பெட்ரோல் கம்மியா செலவாகும்" என்று சிரித்தான்.

அவன் பாட்டி எப்படிச் செத்தாள் என்று அவனிடம் நான் சொன்னதே இல்லை. என் ஜன்னலை ஒட்டிப் பாறை ஓடத் தொடங்கியது.