லைசென்ஸ் பக்கம் போகமாட்டேன்

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் போடியிலிருந்து மலை உச்சியிலுள்ள மெட்டுக்கு ஜீப் ஓட்டிக்கொண்டிருந்தேன். வண்டி முதலாளியுடையது. விடிகிற நேரம் ஏலக்காய் எடுக்கப் போகும் பெண்களை மலைத் தோட்டங்களுக்கு ஏற்றிப் போக வேண்டும், பொழுது சாய இறக்கிக் கொண்டுவர வேண்டும். வீட்டில் எனக்கென்று யாரும் கிடையாது. பெற்றவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், கல்யாணமும் கூடிவரவில்லை. வாடகை அறைக்குத் திரும்பினால் சுவரைத்தான் பார்க்க வேண்டும். ஆனால் ஸ்டீயரிங்கைப் பிடித்துவிட்டால் அண்ணே, அப்பு, மாப்ளே என்று முதுகுக்குப் பின்னால் ஒரு கூட்டமே எனக்கு உறவு. என் சட்டைக் கிழிசலிலிருந்து ராத்திரி தின்ற பரோட்டா வரைக்கும் கிண்டல்தான். எரிந்து விழுவேன். அவர்கள் இன்னும் சிரிப்பார்கள்.

ஒரு மழைக்காலத்தில், கொண்டை ஊசி வளைவொன்றில், லாரி ஒன்று ஹாரனே அடிக்காமல் இறங்கி வந்தது. நான் ஒதுங்கியதில் ஜீப் ரோட்டோரப் பள்ளத்தில் சாய்ந்து, பின்னால் இருந்த ஒரு அக்காவுக்கு மணிக்கட்டு முறிந்துபோனது. லாரிக்காரன் நிற்கவே இல்லை, படுபாவி. கேஸ் என் பேரில் விழுந்தது. என் மேல் தப்பில்லை என்று அந்த அக்காவே கட்டுப் போட்ட கையோடு ஸ்டேஷனில் சொல்லிப் பார்த்தது. எழுதியதை எழுதிவிட்டோம் என்றார்கள்.

வக்கீல் வைத்து நடத்து என்று ஜீப் ஸ்டாண்டில் எல்லோரும் சொன்னார்கள். வாய்தா வாய்தாவாக அலைய யாரால் முடியும்? நான் கோர்ட்டில் நின்றால் வண்டியை வேறு ஆள் ஓட்டுவான், பிறகு அது அவன் வண்டியாகிவிடும். இந்தக் கவலையோடு கோர்ட்டு வராந்தாவில் நின்றபோதுதான் சர்க்கார் வக்கீல் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். முழுக்கைச் சட்டை போட்ட, நிதானமாகப் பேசுகிற மனிதர். எனக்கு எதிராகக் கேஸ் நடத்துகிறவரே அவர்தான். அவரே கூப்பிட்டுப் பேசுகிறாரே என்று எனக்குக் கும்பிடத் தோன்றியது.

"குத்தத்தை ஒத்துக்கோ. அபராதத்தோட முடிச்சிரலாம். லைசென்ஸ் பக்கம் நான் போகமாட்டேன், என்னை நம்பு" என்றார்.

நம்பினேன். லைசென்ஸ் இருந்தால் போதும் எனக்கு.

உள்ளே போய்க் கூண்டில் நின்றேன். மாஜிஸ்திரேட் குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று கேட்டார். செய்யாத தப்பை ஒத்துக்கொள்வது அவ்வளவு சுலபமாக இருந்தது. அடுத்து அவர் சர்க்கார் வக்கீல் பக்கம் திரும்பி, தண்டனையைப் பற்றி என்ன சொல்கிறீர்கள் என்று கேட்டார். வக்கீல் எழுந்தார். என் பக்கம் பார்க்கவில்லை.

"மலைப்பாதை ஐயா. இந்த மாதிரி ஆளுங்க கையில லைசென்ஸ் இருக்கிறது ஜனங்களுக்கு ஆபத்து."

ஐயா, அவரு வெளியில வச்சு என்கிட்ட, என்று நான் வாயெடுத்தேன். டவாலி என் தோளில் கைவைத்து அமுக்கினார். அபராதமும் போட்டார்கள், ஒரு வருடம் வண்டி ஓட்டக்கூடாது என்றும் சொன்னார்கள். எல்லாம் ஒரு பீடி குடிக்கிற நேரம்தான். அவரைப் பிடித்துக் கேட்டுவிட வேண்டும் என்று வராந்தாவிலேயே நின்றேன், கோர்ட்டைப் பூட்டும் வரைக்கும். அவர் வேறு வழியாகப் போய்விட்டிருந்தார். என்னிடம் பேசிவிட்டுப் போனபின், எனக்கு முந்திய கேஸில் மாஜிஸ்திரேட் அவரை எல்லோர் முன்னாலும் கடிந்துகொண்டாராம், அந்தச் சூட்டை என் மேல் இறக்கிவிட்டார் என்று டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். இருக்கலாம்.

மறுநாளே என் ஜீப்பை வேறொருவன் எடுத்தான். கொஞ்ச நாள் ஸ்டாண்டில் நின்று ஆள் கூப்பிட்டுக் கொடுத்தேன். அந்தப் பெண்கள் என்னைப் பார்த்ததும் கிண்டலை நிறுத்திக்கொண்டு, சாப்பிட்டியாண்ணே என்று மெதுவாகக் கேட்டார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. ஸ்டாண்டுப் பக்கமே போவதை விட்டேன். ஏலக்காய்க் கடையில் மூட்டை தூக்கினேன். அங்கே யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். ராத்திரி கடையில் ரெண்டு பரோட்டா என்று கேட்கும்போது குரல் எழும்பாது. அப்போதுதான் காலையிலிருந்து ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை என்று தெரியும். விடியற்காலையில் என் ஜீப்பின் ஹாரன் சத்தம் அறைக்கே கேட்கும். போர்வையை இழுத்துக் காதை மூடிக்கொள்வேன்.

வருடம் முடிந்து லைசென்ஸ் வந்தது. பழைய வண்டி வரவில்லை, அந்தக் கூட்டமும் வேறு ஜீப்புக்குப் பழகிவிட்டிருந்தது. வாடகைக்கு ஓடும் ஒரு ஓட்டை ஜீப்தான் கிடைத்தது.

சில வருடம் கழித்து ஒருநாள் அதில் அவர் வந்து ஏறினார். அதே முழுக்கைச் சட்டை, தலை மட்டும் நரைத்திருந்தது. மெட்டுக்கு மேலே, பஸ் போகாத ஒரு தோட்டத்தில் சொந்தக்காரரைப் பார்க்க வேண்டுமாம். என்னை அடையாளம் தெரியவில்லை. தோட்டத்து வழி பிரியும் இடத்தில் கொண்டுபோய் இறக்கினேன், அதற்கு மேல் நடைதான். சாயங்காலம் வந்து கூட்டிக்கொண்டு போ, மறந்துவிடாதே என்றார். வர்றேன் சார் என்றேன்.

பிற்பகலிலிருந்தே மழையும் மூட்டமும். ரோடு கண்ணுக்கே தெரியவில்லை என்று எல்லா வண்டியும் இறங்கிவிட்டது. மெட்டு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இந்நேரம் ரோட்டுக்கு இறங்கி வந்து நிற்பார், இருட்டிவிட்டால் தோட்டத்துக்குத் திரும்பி ஏறவும் முடியாது. கிடக்கட்டும் அந்த ஆள், ஒரு ராத்திரி தனியாகக் குளிரில் கிடந்து பார்க்கட்டும் என்று மனசு ஆசை ஆசையாகச் சொன்னது. யார் என்னைக் கேட்கப்போகிறார்கள்? ரெண்டாவது டீயைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்தேன். வர்றேன் என்று சொல்லித் தொலைத்துவிட்டேனே.

தோட்டத்து வழி ரோட்டில் சேருமிடத்தில் நனைந்துபோய் ஒற்றையாக நின்றுகொண்டிருந்தார். ஏறி உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார். "சொன்னபடி வந்துட்டியேப்பா. வரமாட்டியோன்னு பயந்தே போனேன்."

அன்று ஜீப் சாய்ந்த அந்த வளைவைத் தாண்டினேன். பிறகு சொன்னேன். "லைசென்ஸ் பக்கம் போகமாட்டேன்னு நீங்களும் சொன்னீங்க சார். நம்பித்தான் ஒத்துக்கிட்டேன். ஒரு வருசம் புடுங்கிட்டாங்க."

அவர் என் முகத்தையே பார்த்தார். மறைக்கவில்லை, நடிக்கவில்லை. நிஜமாகவே யோசித்தார்.

"எந்தக் கேசுப்பா அது?" என்றார்.

நாலு வார்த்தை கேட்க வேண்டும் என்று இத்தனை வருடம் சேர்த்து வைத்திருந்தேன். அந்த ஒரு வருடம் எனக்கு மட்டும்தான் நடந்திருக்கிறது. போடி வரும் வரைக்கும், எதிரே ஒரு வண்டியும் இல்லாத ரோட்டில், வளைவுக்கு வளைவு ஹாரனை அடித்துக்கொண்டே இறங்கினேன்.