பத்திர பாஷையில் ஒரு நேர்காணல்

ஸ்பெயினுக்குப் போய் இரண்டு வருஷம் பழைய ஆவணங்களைப் படிக்க உதவித்தொகை. 1991இல் அதற்கான நேர்காணல் மெட்ராசில் நடந்தது. கிடைக்காவிட்டால் ஸ்ரீபெரும்புதூர்க் கம்பெனி ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை. அண்ணன் பேசி முடித்தே வைத்திருந்தார். அவர் பதிவு அலுவலக வாசலில் நிலப் பத்திரம் எழுதுகிறவர்.

"செத்துப்போன பாஷைய வச்சிக்கினு இன்னாம்மா பண்ணப் போற?" என்பார்.

எனக்குச் சுள்ளென்று ஏறும். சாகவில்லை, மாறியிருக்கிறது; எப்படி மாறியது என்பதுதான் என் படிப்பு என்று கத்துவேன்.

ஒரு சங்கடம் மட்டும் உண்டு. எழுநூறு வருஷப் பழைய நிலப் பத்திரங்களின் நகல்களைப் படித்தே ஸ்பானிஷ் கற்றவள் நான். பேசிப் பழக எங்கள் ஊர் சுங்குவார்சத்திரத்தில் எந்த ஸ்பெயின்காரர் இருந்தார்?

நேர்காணலில் ஸ்பெயினிலிருந்து வந்திருந்த பேராசிரியை, எப்படி வந்தீர்கள் என்று ஸ்பானிஷில் மெதுவாகக் கேட்டார். வாய் தானாகத் திறந்துகொண்டது. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "இப்பத்திரத்தைக் காண்போர் அனைவரும் அறிவது என்னவென்றால், நான் பேருந்தில் வந்தேன்."

பேராசிரியை விழுந்து விழுந்து சிரித்தார். போச்சுடா, டைப்பிஸ்ட்தான் என்று நினைத்தேன். கூடவே கோபமும் பொத்துக்கொண்டு வந்தது. "எதற்குச் சிரிக்கிறீர்கள்?" என்றேன், அதே பழைய ஸ்பானிஷில்.

அவர் சிரிப்பை நிறுத்தி நிமிர்ந்து உட்கார்ந்தார். அதே பழைய மொழியில், "ஒரு திராட்சைத் தோட்டம் விற்கிறேன், வாங்குகிறீர்களா?" என்றார்.

விடுவேனா? கிழக்கே யார் நிலம்? மேற்கே? வாய்க்கால் தண்ணீரில் பங்கு உண்டா? அண்ணன் தினமும் ஆட்களைக் குடைகிற கேள்விகள்தான். அந்தப் பத்திரங்களிலும் அவையே இருந்தன. அவர் மூன்று எல்லை சொல்லி, வடக்கில் திணறினார்.

"வடக்கெல்லை சொல்லாமல் வாங்க மாட்டேன்" என்றேன்.

அவர் மேசையைத் தட்டினார். "காலமெல்லாம் கண்ணால் படித்த மொழி. இன்றுதான் காதால் கேட்கிறேன். கிளம்பி வாருங்கள்" என்றார் ஆங்கிலத்தில். அப்பா, எனக்கு வந்த சந்தோஷம்! அங்கேயே ஆடியிருப்பேன்.

சுங்குவார்சத்திரம் பஸ் நிறுத்தத்தில் அண்ணன் காத்திருந்தார். நடந்ததை முழுக்கச் சொன்னேன்.

"நாலெல்லையும் கேட்டியா?"

"கேட்டேண்ணே. வடக்குலதான் மாட்டிக்கிட்டாங்க."

அண்ணன் டீக்கடைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தார். "எல்லாருக்கும் டீ போடுப்பா! என் தங்கச்சி ஸ்பெயினுக்குப் பத்திரம் படிக்கப் போவுது!"

அப்புறம் என்னிடம் மெதுவாக, "அந்த டைப்பிஸ்ட் வேலைய வேற யாருக்காவது குடுக்கச் சொல்லிடறேன்" என்றார்.