ஒன்ன விட்டா யாரு?

இலங்கை மலையகத்தில், டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் ஆண்டுதோறும் காமன் கூத்து நடக்கும். சிவன் எரிக்க, சாம்பலாகும் காமன் வேடம் எப்போதும் வேலாயுதத்துக்குத்தான். ஆட்டம் முடிந்ததும் கூத்துகளில் சாகிறவர்களை எடைபோட உட்கார்ந்துவிடுவான்.

"மத்தக் கூத்துல ராசா வேசக்காரன் கோவத்தால சாவான், அதுலயாவது ஒரு வீரமிருக்கு. காமன் பய, தேவருங்க 'ஒன்ன விட்டா யாரு'ன்னதும் உச்சி குளுந்து, பொண்டாட்டி தடுத்தும் போயி எரிஞ்சான். மடையன்!"

இதைக் கேட்டுக் கேட்டே அவன் மனைவி நாகலெட்சுமிக்குக் காது புளித்திருந்தது.

ஒருநாள், கொழுந்து பறிக்கும் மலையில் குளவிக்கூடு ஒன்று தொங்கியது. அதை எரிக்க ஆள் தேடித் தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையா வந்தார்.

"வேலாயுதம், ஒன்ன விட்டா யாருப்பா?"

"போகாதீங்க" என்று நாகலெட்சுமி கையைப் பிடித்து அழுதாள். உதறிவிட்டுப் போனான். குளவிகள் மொய்த்து, முகம் பூசணிக்காயாய் வீங்கி, ஆஸ்பத்திரியில் செத்துப் பிழைத்தான்.

வீக்கம் வடியுமுன்பே கண்டாக்கையா அவனுடைய லயத்து வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"கூடு அப்படியேதான் தொங்குது. மத்தவனுங்க பயந்தாங்கொள்ளிங்க. ஒன்ன விட்டா யாரு?"

கோணிப்போன உதட்டில் சிரிப்பு மலர்ந்தது. "சட்டைய எடு, லெட்சுமி."

இந்த முறை அவள் அழவில்லை. சட்டையை மாட்டிவிட்டு, பொத்தானையும் போட்டுவிட்டாள். தீப்பெட்டியை அவளே தேடி எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.